ஆறு மாதம்தானே!

நம் ஊர்களில் உள்ள முதியோர் இல்லங்கள் பலவும் ஏறத்தாழ ஒரே விதமாகப் பிறந்தவை. வசதியுள்ள ஒருவர் தம் பழைய வீட்டை வக்ஃபு செய்திருப்பார். அல்லது, வெளிநாட்டில் உழைத்த பிள்ளைகள் சேர்ந்து ஓர் இடத்தை வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஒரு குடும்பம் வாழ்வதற்கென்று எழுப்பப்பட்ட கட்டடத்தில் இன்று இருபது முப்பது பேர் வாழ்கிறார்கள். மழைக்காலத்தில் மாடி ஒழுகுகிறது. கழிவறை வாசலில் ஒரு படி உயரம். சக்கர நாற்காலி உள்ளே நுழைவதில்லை. மின்கம்பிகள் பழையவை. இவற்றையெல்லாம் சீர்செய்ய வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு அள்ளிக் கொடுக்கும் கைகளும் நம் சமுதாயத்தில் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நாம் இங்கே எழுத வந்தது பழைய கட்டடத்தைப் பற்றியும் அல்ல, புதிய கட்டடத்தைப் பற்றியும் அல்ல. இரண்டுக்கும் இடையில் கழிகின்ற மாதங்களைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் நன்கறிந்த ஓர் இல்லத்தின் ஆலோசனைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். வரைபடம் தயார். மதிப்பீடு தயார். பணம் கொடுப்போரும் தயார். மூலையில் இருந்த இளைஞர் ஒருவர், "வேலை நடக்கும்போது இவர்கள் எங்கே இருப்பார்கள்?" என்று கேட்டார். பதில் உடனே வந்தது: "ஆறு மாதம்தானே! எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்." எல்லோரும் தலையசைத்தார்கள். நாங்களும் தலையசைத்தோம்.

அந்த இல்லத்தில் அப்போது இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். ஒன்பது பேரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். எட்டுப் பேர் பக்கத்து ஊரின் வேறோர் இல்லத்துக்குப் போனார்கள். ஆறு பேர் மதரஸாவின் வகுப்பறையில் கட்டில் போட்டுத் தங்கினார்கள். ஆறு மாதம் பதினான்கு மாதமாயிற்று. மழை குறுக்கிட்டது, ஒப்பந்தக்காரர் குறுக்கிட்டார், பணமும் இடையில் வற்றியது.

வகுப்பறைக்குப் போனவர்களில் ஒரு மூதாட்டி இருந்தார். பதினோரு ஆண்டுகள் இல்லத்தில் வாழ்ந்தவர். பார்வை மங்கிவிட்டபோதும் எவருடைய துணையும் இன்றித் தஹஜ்ஜுதுக்கு எழுந்துவிடுவார். கட்டிலின் வலப்பக்கம் இறங்கிச் சுவரைத் தொட்டபடி ஆறு எட்டு வைத்தால் கழிவறைக் கதவு. இது அவருடைய பாதங்களுக்கு மனப்பாடம். வகுப்பறைக்கு வந்த மூன்றாம் இரவும் அவர் வலப்பக்கமே இறங்கி நடந்தார். அங்கே சுவர் இல்லை, வாசற்படி இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்தது. புதிய கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு அவர் இல்லை. உறவினர் வீடுகளுக்குப் போன ஒன்பது பேரில் இருவர் திரும்பி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று விசாரிப்பதற்கு எவரும் போகவில்லை.

கட்டடம் அழகாகத்தான் எழுந்திருக்கிறது. நன்கொடையாளர் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு வாசலில் மின்னுகிறது. அந்த நல்ல மனிதர்களின் நிய்யத்தில் நாம் குறை காணவில்லை. குறை எங்கள் தலையசைப்பில் இருந்தது.

யாருக்கு ஆறு மாதம்?

நாற்பது வயதில் இருக்கும் நிர்வாகிக்கு ஆறு மாதம் என்பது அடுத்த ரமளானுக்கு முந்திய ஒரு சிறு இடைவெளி. எண்பத்து மூன்று வயதில் இருப்பவருக்கு அது மீதமுள்ள வாழ்நாளில் ஒரு பெரும் பங்காக இருக்கலாம். மீதமுள்ள வாழ்நாள் முழுவதுமாகவும் இருக்கலாம். அல்லாஹ்வே அறிவான். ஆகவே 'தற்காலிகம்' என்னும் சொல்லை முதியோரிடம் நாம் அச்சத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். அவர்கள் வாழ்வில் தற்காலிகமான அறை என்று ஒன்று கிடையாது. இன்றிரவு படுக்கும் அறைதான் அவர்களுடைய வீடு.

மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை ஒன்று இதற்குத் துணை நிற்கிறது. முதுமையில், சிறப்பாக மறதி நோய் தொடங்கியவர்களுக்கு, திடீர் இடமாற்றம் மனக்குழப்பத்தை உண்டாக்கும். பழகிய இடத்தில் கதவு, சன்னல், கட்டில் ஆகியவையே அவர்களுக்கு நினைவாற்றலாக நின்று உதவுகின்றன. அவற்றை மாற்றும்போது, உள்ளே குறைந்துகொண்டிருப்பதை வெளியிலிருந்து தாங்கி நின்ற தூணையும் எடுத்துவிடுகிறோம். உணவு குறைகிறது, உறக்கம் கெடுகிறது, விழுதல் நேர்கிறது. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் பலர் பழையபடி தனித்து நடப்பதில்லை.

அல்குர்ஆனின் 17-வது அத்தியாயம், முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய சொல்லையும் விலக்கிவிடுகிறது. பெற்ற பிள்ளைகளின் இடத்தில் நின்று பொறுப்பேற்ற நிர்வாகத்தின் வாயிலிருந்து வரும் "ஆறு மாதம்தானே" என்பதில் அந்தச் சலிப்பின் சாயல் இல்லையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெய்ரோவில் ஒரு மருத்துவமனை

நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மம்லூக் சுல்தான் கலாவூன், ஆட்சிக்கு வருமுன் திமிஷ்கில் நோயுற்றிருந்தபோது, அங்கே நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தால் குணமடைந்ததாகவும், தமக்கு ஆட்சி கிட்டினால் அதைப் போன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டதாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்ச்சை 1284-85 ஆண்டுகளில் கெய்ரோவில் நிறைவேறியது. மருத்துவமனையும் மதரஸாவும் அடக்கத்தலமும் சேர்ந்த அந்தப் பெரும் வளாகம் ஏறத்தாழ ஓராண்டில் எழுந்தது. ஆண், பெண், ஏழை, செல்வர் என்ற பேதமின்றி நோயாளிகளுக்கு அது கதவு திறந்தது. வக்ஃபு வருமானத்தில் பல நூற்றாண்டுகள் இயங்கியது.

ஆனால் வரலாற்றாசிரியர் மக்ரீஸீ இன்னொன்றையும் பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்த இடத்தில் இருந்த மாளிகையில் வாழ்ந்த அய்யூபிய இளவரசி ஒருவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். வேலையை விரைந்து முடிக்க, வழியில் போனவர்களைக்கூடப் பிடித்துக் கல் சுமக்க வைத்தார்கள். இதன் காரணமாக, அந்த வளாகத்தில் தொழுவது கூடுமா என்று அக்காலத்து மார்க்க அறிஞர்கள் சிலர் ஐயம் எழுப்பினார்கள்.

நோக்கம் ஏழைகளின் சிகிச்சை. அதைவிட உயர்ந்த நோக்கம் என்ன இருக்க முடியும்? ஆயினும் கட்டிய வழியையும் தனியாக எடைபோட்டார்கள் அந்த அறிஞர்கள். அளவில் அதற்கும் நம் சிறிய இல்லத்துக்கும் தொடர்பே இல்லை. நியாயம் மட்டும் ஒன்றுதான்: நற்செயலின் முடிவு, அது நடந்த விதத்தில் இழைத்த குறையை அழித்துவிடாது.

வெளியேற்றாமல் கட்ட முடியுமா?

முடியும். ஆனால், அதற்கு முதலில், வெளியேற்றுவது எளிய வழி என்ற எண்ணம் நம்மிடமிருந்து நீங்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-இல் வந்தபோது, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றையாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் மாநில அரசு அமைக்கலாம் என்று வழிசெய்தது. ஒரு மாவட்டத்தின் முதியோர் தொகையோடு அந்த 150-ஐ ஒப்பிட்டாலே, இல்லத்தைவிட்டு ஒருவரை அனுப்பினால் அவருக்கு எத்தனை கதவுகள் திறந்திருக்கும் என்பது விளங்கும். போக வேறிடம் இல்லாததால்தானே அவர் நம்மிடம் வந்தார்!

வேறோர் ஊரில் ஓர் இல்லத்தார் செய்ததைக் கண்டோம். இருபத்து நான்கு கட்டில்கள் உள்ள இல்லம் அது. வேலை தொடங்குமுன்பே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அடுத்த வீடு காலியாக இருந்தது. அதை வாடகைக்கு எடுத்து இடையிலிருந்த மதிலில் ஒரு வாசல் திறந்தார்கள். ஒரு நேரத்தில் ஆறு பேர் மட்டும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் இருந்த பகுதியைப் புதுப்பித்து முடித்ததும் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். அடுத்த ஆறு பேர் போனார்கள். சமைத்தவரும் அதே ஆள், இரவில் எழுப்பி மாத்திரை கொடுத்தவரும் அதே ஆள். வேலை முடிய இரண்டு ஆண்டுகள் ஆயின. எவரும் ஊரைவிட்டுப் போகவில்லை.

இப்படிப் பகுதி பகுதியாகச் செய்வதில் வரிசைதான் உயிர். புதிய கழிவறை தண்ணீரோடு இயங்கத் தொடங்கிய பிறகே பழையதை உடைக்க வேண்டும். தற்காலிகச் சமையற்கூடத்தில் ஒரு வாரம் சமைத்துப் பார்த்த பிறகே பழைய அடுப்படியில் கை வைக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியை மாற்றுமுன் ஒரு சின்டெக்ஸ் தொட்டியாவது தரையில் நிரம்பி நிற்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆக்சிஜன் கருவியும், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையும், குளிர்பெட்டியில் இருக்கும் இன்சுலினும் மின்சாரத்தை நம்பி இருக்கின்றன. மாடியைத் திறக்கும் வேலை என்றால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். செப்டம்பரில் கூரையைப் பிரிப்பவர் டிசம்பர் வரை தார்ப்பாயின் கீழ் மக்களை வைத்திருப்பார். புதிய கான்கிரீட் தன் முழு வலுவை அடைவதற்கு 28 நாள் கணக்கு இருக்கிறது. விழாத் தேதிக்காக அதைச் சுருக்க இயலாது.

தூசியும் நெருப்பும்

இடிப்பதில் எழும் தூசி இளைஞருக்குத் தும்மல். முதியவருக்கு அதுவே நோயாகலாம். பழைய சுவரை உடைக்கும்போது கிளம்பும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துகள், நுரையீரல் தளர்ந்தவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கடும் தொற்றைத் தரக்கூடியவை. ஆகவே வேலை நடக்கும் பகுதிக்கும் மக்கள் இருக்கும் பகுதிக்கும் இடையே தரையிலிருந்து கூரை வரை கனமான பிளாஸ்டிக் தாள் கட்ட வேண்டும். உடைக்குமுன் சுவரை நனைக்க வேண்டும். டைல்ஸை வெளியிலே வைத்து, நீர் விட்டு அறுக்க வேண்டும். பின்கட்டிலும் குளியலறை மேலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதைச் சுத்தியலால் அடித்து நொறுக்கக் கூடாது. நனைத்து, திருகுகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் தரக்கூடியவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இந்தக் காப்பு அங்கே வேலை செய்யும் சித்தாளுக்கும் சேர்த்துத்தான். அவரும் நம் பொறுப்பில் உள்ளவர்.

நெருப்பைப் பற்றிச் சொல்லும்போது ஏர்வாடியை மறக்க இயலாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அதன் பிறகு வழக்குகள் நடந்தன; அத்தகைய இடங்கள் மூடப்பட்டன; மனநோயாளிகளை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது.

சங்கிலி இல்லாமலும் ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்பதை நிர்வாகிகள் நினைவில் வைக்க வேண்டும். படுக்கையைவிட்டு எழ இயலாதவர் ஒருவர். அவருடைய அறையின் பின்வாசலில் அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள். தரையில் கிடக்கும் தற்காலிக மின்கம்பி. பக்கத்தில் வெல்டிங் பொறி. இவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலை நடக்கும் ஒவ்வொரு மாலையும், எல்லா வெளிவாசல்களும் திறக்கின்றனவா என்று பொறுப்பாளர் ஒருவர் தம் கையால் திறந்து பார்க்க வேண்டும். எழ இயலாதவர்களை இரவில் யார் யார் தூக்குவது என்பது பெயரோடு முடிவாகியிருக்க வேண்டும்.

அவர்களிடம் கேட்டோமா?

நம் குடும்பங்களில் திருமணம், வீடு, வியாபாரம் எதுவாயினும் மஷூரா செய்கிறோம். வரைபடத்தைப் பொறியாளரிடம் காட்டுகிறோம், கொடையாளருக்கு அனுப்புகிறோம். அந்தக் கூரையின் கீழ் உறங்குபவர்களிடம் மட்டும் ஏன் காட்டுவதில்லை?

நாம் மேலே சொன்ன அந்த இரண்டாம் இல்லத்தில் கேட்டார்கள். பளபளப்பான தரை வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வழுக்காத தரை வேண்டும் என்றார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு வேண்டும், சுவர் நெடுகப் பிடித்து நடக்கக் கம்பி வேண்டும், தெருவைப் பார்த்து உட்கார முகப்பில் திண்ணை வேண்டும் என்றார்கள். வாசற்படிக்குப் பதிலாக ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைந்தது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஒரு காலத்தில் கொத்தனாராக இருந்தவர். நாள்தோறும் நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பூச்சில் சிமெண்ட் குறைவு என்று மேஸ்திரியிடம் சண்டை பிடிப்பார். இரண்டு ஆண்டுகளில் அவருடைய உடல்நிலை தேறியது என்றே அங்குள்ளவர்கள் சொன்னார்கள்.

சத்தத்துக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள். லுஹர் தொழுகை, உணவு, அதன் பின் சிறு உறக்கம் ஆகியவை முடியும் வரை துளையிடும் இயந்திரம் ஓடாது. இதை வாய்ச்சொல்லாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். ஒளூவுக்கான தண்ணீர் ஒரு வக்துக்கும் நிற்கவில்லை. தண்ணீர் இல்லாதவருக்கு மார்க்கம் தயம்மும் என்ற சலுகையைத் தந்திருக்கிறது; நம் திட்டமின்மையால் ஒரு முதியவரை அந்தச் சலுகைக்குத் தள்ளுவது நமக்கு அழகல்ல.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தாயையோ தந்தையையோ இல்லத்தில் விட்டிருப்பவர்கள் மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை வந்தால், வேலை நடக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை வாருங்கள். இடம் மாறும்போது முகம் மாறாமல் இருப்பது பெரிய ஆறுதல்.

செலவு என்னும் கேள்வி

இத்தனையும் சரி, பணம்? பகுதி பகுதியாகச் செய்தால் செலவு கூடும், காலம் நீளும், ஒப்பந்தக்காரர் முகம் சுளிப்பார். உண்மைதான். மறுப்பதற்கில்லை. ஆனால் மொத்தமாக வெளியேற்றும்போது அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. மதிப்பீட்டுத் தாளிலிருந்து நழுவி முதியவர்களின் உடலில் போய்ச் சேர்கிறது. இடுப்பு முறிந்த அந்த மூதாட்டியின் மருத்துவச் செலவு எந்த மதிப்பீட்டிலும் எழுதப்படவில்லை.

எனவே நாம் முன்வைப்பது இதுதான்: வேலை நடக்கும் காலத்தில் மக்களைப் பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் வைத்திருக்கும் செலவு, கட்டடச் செலவின் ஒரு பகுதி. மதிப்பீட்டில் கம்பி, சிமெண்ட், டைல்ஸ் என்ற வரிசையில் 'இடைக்கால வசதி' என்று ஒரு தலைப்பு இருக்க வேண்டும். வாடகை வீடு, தற்காலிகக் கழிவறை, கூடுதல் இரவுப் பணியாளர், இன்வெர்ட்டர் எல்லாம் அதில் வர வேண்டும். அந்தத் தொகை கையில் சேராமல் முதல் செங்கல்லைப் பெயர்க்கக் கூடாது.

கொடையாளர்களிடமும் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறைக்குக் கொடுக்கிறோம், மினாராவுக்குக் கொடுக்கிறோம், வாசலுக்குக் கொடுக்கிறோம். அவற்றில் பெயர் நிற்கும். எட்டு மாதம் இருந்துவிட்டு இடிக்கப்படும் தற்காலிகக் கழிவறையில் எவர் பெயரும் நிற்காது. அல்லாஹ்விடம் மட்டுமே பதிவாகும் அந்தச் செலவை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள்.

முழுவதும் காலி செய்தே ஆக வேண்டிய நிலையும் உண்டு. உத்தரம் விரிந்திருந்தால், கம்பி துருப்பிடித்துக் கூரை உதிர்ந்தால், மக்களை ஒரு நாளும் உள்ளே வைத்திருக்கக் கூடாது. அப்போதும் அவர்களைப் பிரித்துச் சிதறவிடாமல், அதே பணியாளர்களோடு ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்லலாம். போனவர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி வைத்து, கடைசி ஆள் திரும்பும் வரை கணக்கு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

இந்த ஆண்டும் எங்கோ ஒரு கூட்டத்தில் வரைபடம் விரிக்கப்படும். அங்கே நீங்கள் அமர்ந்திருந்தால், "ஆறு மாதம்தானே" என்ற சொல் எழும்போது தலையசைக்காதீர்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, இவர் அந்த ஆறு மாதமும் எந்தக் கட்டிலில் உறங்குவார், இரவில் எந்த வழியாகக் கழிவறைக்குப் போவார் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை கேளுங்கள்.

எங்கள் ஊரின் அந்த வகுப்பறையில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர், பதினான்கு மாதமும் ஒவ்வொரு வக்துக்கும், "தம்பி, கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சுவரில் ஓர் அம்புக்குறி வரைந்திருந்தால் போதும். எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை.